நத்தையைப் பற்றித் தாமதமாக ஒரு பதிவு

டிரெஸ்டனில் இருக்கும் ஐயா,
உங்கள் ஈய நத்தை
சேலம் அரிசிப்பாளையத்தில்
தையல் மிஷின் டிராயருக்குள்
பதினாலு மாதம் இருந்தது.
திருடவில்லை.
திருப்பி வைக்காததற்கு
வேறொரு சொல் இருந்தால் நல்லது.

எடுத்த அன்று நினைத்தது: ஒரு வாரம்.
பிறகு எங்கள் லேபில் டெங்கு சீசன்,
பிறகு ஸ்கூட்டருக்கு பேட்டரி,
பிறகு காரணமே இல்லாத மாதங்கள்.
ராத்திரி பாபின் தேடும்போது
விரலில் இடறும்.
கழுத்துத் தகட்டில் ஆறு எழுத்து,
கூடவே நீங்கள் லேமினேட் செய்து கட்டிய வரி:
இதற்குக் கடல் பார்க்க ஆசை.
கடலே இல்லாத மாவட்டத்தில்
அதை வாசிக்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று
நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள்.

விதிகள் தெரியாதவள் இல்லை நான்.
ஏற்காட்டில் மூன்று பெட்டி நான் ஒளித்தவை.
தின்பண்டம் போடாதே என்று
மூடியின் உள்பக்கம் எழுதினவளே நான்தான்,
யாரோ தட்டுவடை வைத்துப் போக
குரங்குகள் நோட்டை நார்நாராய்க் கிழித்த பிறகு.
ஒன்றை எடுத்தால்
அதற்குக் குறையாத ஒன்றை வை.
கிளிப்புக்கு சாவிக்கொத்து சரி,
பழைய பஸ் டிக்கெட் சரியில்லை.
எஸ்டேட்டுக்குள் என்றால் கேட்டுவிட்டுப் போ.
நத்தை மாதிரி ஒன்று கிடைத்தால்
அது உன்னுடையது இல்லை,
நீ அதன் பஸ்.

ஒரு ஞாயிறு, இருபது கொண்டை ஊசியும் ஏறினேன்.
இடத்தைச் சொல்ல மாட்டேன்.
காப்பிச் செடி, சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி,
ஒரு மின்கம்பம்.
கண்டுபிடியுங்கள் பார்க்கலாம், மலை முழுக்க அதுதான்.

ஆள் இல்லாதபோதுதான் குனிய வேண்டும்.
முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன்.
ஒரு ஜீப் வளைவில் மறையும்வரை
செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன்.
பிறகு வேருக்கடியில் கையை விட்டேன்.
மண். ஈரம். இன்னும் மண்.

"மேடம், அது இப்ப அங்க இல்ல."

குரல் வானத்திலிருந்து வந்தது.
மேலே பார் என்று எந்த விதியிலும் இல்லை.
கம்பத்தின் உச்சியில், இடுப்பில் பெல்ட்டோடு
மின்வாரிய லைன்மேன்.
பெயர் பெலிக்ஸ் என்று இறங்கியபின் சொன்னார்.
மூன்று வருஷமாக
எங்கள் எல்லோரையும் பார்த்திருக்கிறார்:
செருப்பைச் சரிசெய்கிறவர்கள்,
அடிக்காத போனில் பேசுகிறவர்கள்,
பறவை பார்க்க வந்து தரையைப் பார்க்கிறவர்கள்.
முதலில் சாராயம் என்று நினைத்தாராம்.
திறந்தால் நோட்டு, பென்சில், ஒரு பொட்டு அட்டை.
மூடிவிட்டார்.
ஐப்பசி மழையில் தண்ணீர் வேருக்குள் இறங்க
பெட்டியைத் தூக்கி
மூணடி மேலே பாறைப் பொந்தில் வைத்தவரும் அவர்தான்.
"ஒரு சில்லுக்கல்லு சாத்தியிருக்கேன், பாருங்க."

பெட்டி என்னுடையது என்று நான் சொல்லவில்லை.
கையெழுத்துப் போடுங்கள் என்று நோட்டை நீட்டினேன்.
பெயர் எழுதவில்லை. எழுதியது இது:
மூடி லூசு. ரப்பர் மாத்தவும்.
ஐந்து வருஷத்தில் அந்த நோட்டில்
உபயோகமான வரி அது ஒன்றுதான்.
மற்றதெல்லாம் சூப்பர் வியூ.

நத்தையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.
உங்கள் வரியைத் தமிழில் சொன்னேன்.
மறுநாள் காலை பஸ்ஸில் வேளாங்கண்ணி,
மச்சினி குழந்தைக்கு மொட்டை.
"கடல்தானே? காட்டிட்டு வரேன்."
எண்ணை எங்கே எப்படிப் பதிவது என்று
கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
எடுத்தாலும் சொல்லணும், வைத்தாலும் சொல்லணும்,
படம் எடுத்தால் தகட்டைக் கட்டைவிரலால் மறைக்கணும் என்றேன்.
இதைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை?
தலையாட்டினார்.
அதற்குள் அவர் போன் அடித்தது,
எங்கோ ஃபியூஸ் போயிருந்தது.

ஐயா, இன்றோடு பன்னிரண்டு நாள்.
வரைபடத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.
நத்தை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது
என்கிறது அது.
டிராயரில் பாபின் மட்டும்.